மூன்று வசனம் மேலே

கும்மிடிப்பூண்டி,
8 ஜூன் 2025

அன்புள்ள கிரேஸ் அக்காவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது அந்த ஆணி ஓட்டைதான். கவரைப் பிரித்ததும் வாக்குத்தத்த அட்டை மட்டும் மடியில் விழுந்தது. கடிதம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று கவரை முழுதாகக் கிழித்துப் பார்த்தேன், இல்லை. அட்டையின் மேல் விளிம்பில் ஓட்டை, அதைச் சுற்றித் துரு. வருஷப் பிறப்பு ஆராதனையில் பெட்டிக்குள் கைவிட்டு நீ எடுத்த அட்டை. துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்ற வசனம், பின்னால் அருவிப் படம். அப்போது உன் வயிற்றில் பிள்ளை இருந்ததால் சபையே சேர்ந்து ஆமென் சொன்னது என்று பென்னி மாமா சொன்னார். வருஷம் முழுக்கச் சுவரில் இருக்க வேண்டியதை ஏன் கழற்றினாய்?

ஸ்தோத்திரம் சொல்லவே மறந்துவிட்டேன். ஸ்தோத்திரம் அக்கா. நான் சுகம். கம்பெனியில் இப்போது கார் ஒயர்களைக் கொத்தாகக் கட்டி டேப் சுற்றும் லைனில் போட்டிருக்கிறார்கள். விரல் நுனி மரத்துப் போகிறது, மற்றபடி கஷ்டம் இல்லை. ஹாஸ்டலில் என் அறைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், சாலிஹா, பழவேற்காடு. அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் எனக்கு நிம்மதி.

ஏப்ரலில் பாப்பாவை அடக்கம் பண்ணின அன்று உன்னிடம் ஒன்றும் பேசாமலே பஸ் ஏறினேன். போனிலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எழுதினால்தான் கொஞ்சம் வருகிறது, பொறுத்துக்கொள். பிப்ரவரியில் வந்திருந்தபோது பக்கத்து வீட்டு மணியம்மாள் அக்கா புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிவந்து உன் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டார்களே, நம் சபையில் நகை கூடாது என்று நீ சொல்லச் சொல்லக் கேட்காமல். நீ வெட்கப்பட்டுக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டாய். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் எப்படி இருக்கிறார்கள்?

சாப்பிடு அக்கா. மாமாவுக்கு என் ஸ்தோத்திரம்.

தங்கை ஜெபா

*

ஆர்.கே.பேட்டை,
25 ஜூன் 2025

அன்பு ஜெபாவுக்கு அக்கா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் மாமாவும் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

ஆணி துருப்பிடித்துச் சுவர் கறையாகிவிட்டது. அதனால்தான் கழற்றினேன். தூக்கிப்போட மனசு வரவில்லை, உனக்கு அனுப்பினேன். வேறொன்றும் இல்லை.

மாமாவின் குட்டியானை வண்டிக்குத் தினமும் தக்காளி லோடு கிடைக்கிறது. விடியும் முன் போய்விடுகிறார். வீட்டில் நான் மட்டும். காக்களூரில் நாம் இருந்த லைன் வீட்டை நினைத்துக்கொள்வேன். எஸ்டேட் கம்பெனிச் சங்கு ஊதினால் அம்மா வருவாள், கேன்டீனில் கொடுத்த நாஷ்டாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு. வடை ஒன்றுதான் இருக்கும். அதைப் பிய்க்கும்போது பெரிய துண்டு உனக்குப் போகிறதா என்று நான் பார்ப்பேன், எனக்கு வருகிறதா என்று நீ பார்ப்பாய். அந்த அறை எவ்வளவு சின்னது. மூன்று பேருக்கும் போதுமானதாக இருந்தது.

மணியம்மாள் அக்காவைக் கேட்டிருந்தாய். சுகமாகத்தான் இருப்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவு.

அக்கா கிரேஸ்

*

கும்மிடிப்பூண்டி,
6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். விரலுக்கு எண்ணெய் தடவுகிறேன்.

நடுவில் ஒரே சுவர் இருக்கும் வீட்டில் இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியவில்லை. அதை நான் கேட்க மாட்டேன். நீயாகச் சொல்லும்போது சொல்.

உன் அட்டையை என் பெட்டியின் உள்மூடியில் ஒட்டியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்த வசனத்தை வேதத்தில் எடுத்துப் பார்த்தேன். யோபு புத்தகம், எட்டாம் அதிகாரம், ஏழாம் வசனம். காக்களூர் சண்டே ஸ்கூலில் பட்டயப் பயிற்சி வைப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? டீச்சர் அதிகாரமும் வசனமும் கத்துவார். யார் முதலில் எடுத்து எழுந்து நின்று வாசிக்கிறார்களோ அவர்களுக்கு மிட்டாய். எப்போதும் நீதான். பக்கம் கிழிகிற மாதிரிப் புரட்டி, ஒரே மூச்சில் வாசித்து, டப்பென்று மூடிவிடுவாய். நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. எடுக்கத் தெரியாமல் இல்லை. எடுத்துவிடுவேன், ஆனால் இதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று தெரியாமல் எப்படி வாசிப்பது என்று மேலே படிக்கப் போய்விடுவேன். அதற்குள் நீ மிட்டாயைப் பிரித்திருப்பாய். பிறகு பாதியைக் கடித்து எனக்குத் தருவாய்.

இப்போதும் அப்படித்தான் மேலே படித்தேன். அந்த ஏழாம் வசனத்துக்கு மூன்று வசனம் மேலே நீயும் ஒரு தடவை படி. அதில் இருப்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. படித்தால் உனக்கே தெரியும், அந்த அட்டையைக் கழற்றினது சரிதான் என்று.

மழை வந்தால் நனையாதே. மாமாவுக்கு ஸ்தோத்திரம்.

தங்கை ஜெபா

*

ஆர்.கே.பேட்டை,
30 ஜூலை 2025

அன்பு ஜெபா, சுகம். நீயும் சுகமாயிரு.

நீ சொன்னபடி மூன்று வசனம் மேலே படித்தேன். பாவத்தினால் பிள்ளைகள் ஆக்கினைக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டார்கள் என்று இருக்கிறது. என் பிள்ளை ஒரு நாள் இருந்தவன், அவன் என்ன பாவம் செய்திருப்பான்? அப்படியென்றால் என்னுடையதுதான்.

பாஸ்டர் மோகன்ராஜ் ஐயா மே மாதமே வீட்டு ஜெபத்தில் சொன்னார். "ஊட்டுக்குள்ள சாபத்தீடான பொருளு வந்துருச்சும்மா, அந்த வளையல் சத்தம் பரலோகம் வரைக்கும் கேட்டிருக்கு" என்றார். அப்போது நான் நம்பவில்லை. கோபத்தில் அட்டையைக்கூடக் கழற்றிவிட்டேன். இப்போது வேதத்திலேயே பார்த்துவிட்டேன். நீ காட்டாவிட்டால் தெரிந்திருக்காது.

செப்டம்பர் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு முன் சபையில் எழுந்து நின்று என் பாவத்தை அறிக்கை செய்யப்போகிறேன். ஐயாவிடம் சொல்லிவிட்டேன். மணியம்மாள் அக்காவோடு பேச்சை நிறுத்தி நாளாகிறது.

அக்கா

*

கும்மிடிப்பூண்டி,
3 ஆகஸ்ட் 2025

அக்கா, ஸ்தோத்திரம். அங்கே நிறுத்தாதே.

தப்பு என்னுடையது, பாதி எழுதிவிட்டுப் பாதியை உன் கையில் விட்டேன். இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன். அந்த நாலாம் வசனத்தைச் சொல்வது ஆண்டவர் இல்லை. யோபுவும் இல்லை. பில்தாத் என்று ஒரு ஆள், யோபுவின் சிநேகிதன். பிள்ளைகள் எல்லாரையும் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிற தகப்பனிடம், உம்முடைய பிள்ளைகள் செய்த பாவத்துக்குத்தான் அப்படி ஆயிற்று என்கிறான். சொல்லிவிட்டு, அதே வாயால், நீர் சுத்தமாக இருந்தால் துவக்கம் அற்பமானாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்கிறான். அட்டையில் இருப்பதும் அவன் பேச்சு, உன்னை அழவைப்பதும் அவன் பேச்சு. ஒரே ஆள் அக்கா. அதைத்தான் நீ பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் அதிகாரத்தில் காற்றடித்து வீடு இடிந்துதான் பிள்ளைகள் சாகிறார்கள். யோபு உத்தமன் என்று ஆண்டவரே சொல்கிறார். பில்தாத்துக்கு அது எதுவும் தெரியாது. தெரியாமலே காரணம் சொல்கிறான்.

சாலிஹா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, யார் கதை என்று கேட்டாள். சொன்னேன். "அடிப்பாவி, இது எங்க அய்யூப் நபி ஆச்சே. நீங்க எப்போ இட்டுக்கினு போனீங்க?" என்றாள். பிறகு அவள் சிரிக்கவில்லை. அவள் வீட்டில் பொறுமைக்கு அவரைத்தான் சொல்வார்களாம். "அவரு தப்பு பண்ணாருன்னு எங்கள்ல யாரும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

நான் இன்னும் நடுவில்தான் இருக்கிறேன். பாதி புரியவில்லை. முடித்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை எந்த முடிவும் எடுக்காதே. பதில் போடு.

ஜெபா

*

கும்மிடிப்பூண்டி,
17 ஆகஸ்ட் 2025

அக்கா, ஸ்தோத்திரம். உன் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

யோபுவை முடித்துவிட்டேன். மத்தியான சாப்பாட்டு நேரத்திலும் பஸ்ஸிலும் படித்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அந்தத் தமிழ் கஷ்டம்தான். புரியாததை இரண்டாம் தடவை படித்தேன். சிநேகிதர்கள் பேச்சை மட்டும் தனியாக எடுத்து வாசித்தால் அழகாக இருக்கிறது அக்கா, வசனம் வசனமாக அட்டையில் போடலாம். யோபு பேசுவதுதான் பயமாக இருக்கிறது. அவர் ஆண்டவரோடு வழக்காடுகிறார், நான் பிறந்த நாளே இல்லாமல் போகட்டும் என்கிறார்.

கடைசி அதிகாரம், ஏழாம் வசனம். பில்தாத்தையும் சேர்த்து அந்த மூன்று சிநேகிதர்கள் மேலும் ஆண்டவருக்குக் கோபம் வருகிறது. என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை, யோபுதான் பேசினான் என்கிறார். பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்று ஆண்டவர் கடைசி வரைக்கும் காரணமே சொல்லவில்லை. தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. ஆனால் அவர்கள் பாவத்தினால் என்று சொன்னவன் சரியாகப் பேசவில்லை என்பது மட்டும் எழுதியிருக்கிறது.

அதை நீயே எடுத்துப் படி. என் பேச்சை நம்ப வேண்டாம்.

அம்மா செத்தபோது நீ என்னைக் காரணம் கேட்க விடவில்லை. கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினாய். அது ஞாபகம் வருகிறது.

ஜெபா

*

ஆர்.கே.பேட்டை,
24 ஆகஸ்ட் 2025

தங்கை ஜெபாவுக்கு பென்னி மாமா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுத வேண்டும், எழுத முடியவில்லை. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. போனில் சொன்னால் நீ 'ம்' என்பாய், அழுகிறாயா கேட்கிறாயா என்று எனக்குத் தெரியாது.

உன் கடைசி இரண்டு கடிதத்தையும் அக்கா பிரிக்கவே இல்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "அவ படின்னா, படிச்சேன். போதும்" என்றாள்.

சரியாகச் சாப்பிடுவதில்லை. பின்பக்கம் துணி துவைக்கும்போது வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிக்கொள்கிறாள். பாட்டு என்று நினைத்தேன். நேற்று கிட்டே போய்க் கேட்டேன். சபையில் சொல்லப்போவதைப் பழகுகிறாள். "எம் புள்ளைய நான்தான் கொன்னேன்" என்று. திரும்பத் திரும்ப அதையே. 

நான் லோடு இல்லாத ஞாயிறு மட்டும் சபைக்குப் போகிறவன். எனக்கு யோபுவும் தெரியாது, யாரையும் தெரியாது. ஆனால் அவள் ஒரு தடவை அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லிவிட்டால் பிறகு அதுதான் உண்மை என்று ஆகிவிடும். சாகிறவரைக்கும் அதோடுதான் இருப்பாள். மணியம்மாள் அக்கா தினமும் குழம்பு கொண்டுவந்து படியில் வைக்கிறார்கள். இவள் எடுப்பதில்லை. நான்தான் சாப்பிடுகிறேன்.

செப்டம்பர் ஏழாம் தேதி. அதற்கு முன்னால் வர முடியுமா பார்.

பென்னி

*

கும்மிடிப்பூண்டி,
29 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு ஸ்தோத்திரம்.

ஆறாம் தேதி சனிக்கிழமை லீவு கேட்டிருக்கிறேன், வருகிறேன். ஞாயிறு மத்தியான ஷிப்டுக்குத் திரும்பியே ஆக வேண்டும், அதனால் விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். சனிக்கிழமை நான் இறங்கும்போது பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி கொண்டுவாருங்கள். வீட்டுக்குப் போகும் முன் என்னைப் பாஸ்டர் ஐயா வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். எனக்குப் பேச வராது. நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

ஜெபா

*

ஆர்.கே.பேட்டை,
28 செப்டம்பர் 2025

அன்பு ஜெபாவுக்கு அக்கா எழுதுவது. சுகமாயிருக்கிறோம்.

நடந்ததை நானே எழுதுவேன், நீங்கள் போனில் சொல்லக் கூடாது என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். இத்தனை நாள் ஆகிவிட்டது. நீ எப்படித் தவித்திருப்பாய் என்று தெரியும்.

அந்த ஞாயிறு விடியலில் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து அடுப்பு மூட்டவில்லை. அரிசி டின்னை நகர்த்தி உன் கடிதம் இரண்டையும் பிரித்தேன். பிறகு வேதத்தை எடுத்துக் கடைசி அதிகாரம் படித்தேன். படித்துவிட்டு மூடவில்லை. திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு சபைக்கு நேரமாகும் வரை உட்கார்ந்திருந்தேன்.

சபைக்குப் போனேன். ஐயா என்னை ஒரு தடவை பார்த்தார், கூப்பிடவில்லை. சாட்சி சொல்லும் நேரத்தில் நானாகத்தான் எழுந்தேன். எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழகினது ஒன்றும் வாயில் வரவில்லை. "எம் புள்ள பேரு ஜோஷ்வா. ஒரு நாள் இருந்தான்" என்றேன். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டேன். அவன் பேரை அங்கே அதுவரை யாரும் சொன்னதில்லை ஜெபா. நானும் சொன்னதில்லை. பின்வரிசையில் யாரோ, "இன்னா, அவ்ளோதானா?" என்று முணுமுணுத்தார்கள். ஐயா உடனே பாட்டு நம்பர் சொல்லிவிட்டார். இரண்டு குடும்பம் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

மத்தியானம் குழம்புக் கிண்ணத்தைக் கழுவி எடுத்துப்போய் மணியம்மாள் அக்காவிடம் கொடுத்தேன். "எங்க ஊட்டுக் கிண்ணம்லாம் அந்த வெள்ளக்காரி கைல மாட்டிக்கிச்சுன்னு நென்ச்சேன்" என்றார்கள். சபைக்குக் கட்டின வெள்ளைச் சேலையை நான் அப்போது இன்னும் மாற்றியிருக்கவில்லை. இரண்டு பேரும் அழுதுவிட்டுச் சாப்பிட்டோம்.

இன்னும் சில நாள் காலையில் அந்த நினைப்பு வருகிறது. வந்தால் கடைசி அதிகாரத்தைத் திரும்பப் படிக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் ஐயா வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வந்தீர்கள் என்று இப்போதுதான் தெரியும். அங்கே என்ன நடந்தது? மாமாவைக் கேட்டால், உன் தங்கச்சியைக் கேள் என்கிறார்.

சாப்பிட்டுத் தூங்கு. சாலிஹாவுக்கு என் அன்பு.

அக்கா கிரேஸ்

*

கும்மிடிப்பூண்டி,
5 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். சுகமா, மாமா சுகமா, மணியம்மாள் அக்கா சுகமா என்று இங்கேயே கேட்டுவிடுகிறேன். கடைசியில் கேட்க வராது. உன் கடிதத்தைச் சாலிஹாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

அன்று நடந்ததை எழுதுகிறேன்.

திருவள்ளூரில் பஸ் மாறுவதற்கு முன் காக்களூரைத் தாண்டும்போது ஜன்னலில் பார்த்தேன். நம் லைன் வீடு இருந்த இடத்தில் ஒரு கம்பெனியின் கொட்டகை வந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே இருந்த வேப்பமரம் மட்டும் அப்படியே நிற்கிறது. அதன் அடியில் நீ எனக்குத் தலை பின்னிவிடுவாய். திருத்தணி வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஐயாவிடம் சொல்ல வேண்டியதை நினைக்கவே இல்லை.

ஐயா தன் வீட்டு வாசலில் மறுநாளுக்கான மைக் ஒயரைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். ஒட்டுப்போட்ட இடத்தில் டேப் பிரிந்திருந்தது. என் வேலை அதுதானே, கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். மாமா என்னைக் காட்டி, இவள் ஒன்று கேட்கணுமாம் என்றார்.  வேதத்தைத் திறந்து அவர் முன்னால் நாற்காலியில் வைத்து, நாலாம் வசனத்தில் விரலை வைத்தேன்.

அவர் பார்த்தார். "இது பில்தாத் சொன்னது. தெரியும் பாப்பா. பைபிள் காலேஜ்ல படிச்சவந்தான் நானு" என்றார்.

எனக்கு அதுதான் தாங்கவில்லை அக்கா. தெரியாது என்று நினைத்துத்தான் போனேன். "அப்ப ஏன் ஐயா?" என்று கேட்டுவிட்டேன். சத்தமாகவே வந்துவிட்டது.

ஐயா பிரிந்த டேப்பை விரலால் அழுத்தி ஒட்டினார். பிறகு சொன்னார். "புள்ள செத்த ஊட்ல போய், ஏன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு வர்றதுக்கு தைரியம் வேணும். சபை ஜனம் அத்தினி பேரும் என் மூஞ்சியப் பாக்கறாங்க. நம்ம ஊட்டுக்கும் இது வருமான்னு பயம். ஒரு காரணம் சொன்னா அவங்க தூங்குவாங்க."

மாமா கோபப்படவில்லை. "அவங்க தூங்கறாங்க ஐயா. எம் பொண்டாட்டி தூங்கல. ஏத்துன லோட நீங்கதான் எறக்கணும்" என்றார்.

நான் கடைசி அதிகாரத்தைத் திருப்பி வைத்தேன். அதை அவர் நின்றுகொண்டே வாசித்தார். முடித்து, புத்தகத்தை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். நாளைக்கு அவளை நான் கூப்பிட மாட்டேன், ஆனால் அவளாக எழுந்தால் தடுக்கவும் மாட்டேன் என்றார்.

வண்டியில் ஏறினதும் எனக்குப் பயமாகிவிட்டது. ஐயா கூப்பிடாவிட்டாலும் நீ எழுந்துவிடுவாயே. உன்னிடம் என்ன சொல்வது? பில்தாத் பற்றி, கடைசி அதிகாரம் பற்றி, ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். நடுவில் ஏதாவது விட்டுவிட்டேனோ என்று புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன். இரண்டாம் அதிகாரம் முடிகிற இடத்தில் அந்த மூன்று சிநேகிதர்களும் முதல் தடவை வருகிறார்கள். யோபுவை அடையாளமே தெரியாமல் அழுகிறார்கள். அவர் துக்கம் எவ்வளவு பெரியது என்று பார்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை முன்பு படித்தபோது வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். பேச ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் கெட்டார்கள்.

மாமா வண்டியை நிறுத்தினார். வீட்டுக்குள் நீ இல்லை. பின்பக்கம் வந்தேன். துவைத்த சேலை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. நீ சுவரில் சாய்ந்து ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்தாய்.

நான் பையைக் கழற்றி வைத்துவிட்டு, உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.